நாலு எண்ணினால் போய்விடும் காற்று

காற்று அதிகமானால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடுக்கும்படி, நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பாய்மரப் படகுச் சங்கத்திலிருந்து போன மாதம் கேட்டார்கள். புதிதாக வந்திருக்கும் பயிற்சியாளர் மேடம் நல்ல மாதிரி. காற்றின் வேகத்தை அவருடைய போனே சொல்லிவிடுகிறது. இந்த வேகம் வந்தால் இதைச் செய், அந்த வேகம் வந்தால் கரைக்குத் திரும்பு என்று அட்டவணை போட்டுச் சுவரில் மாட்டப் போகிறாராம். “அங்கிள், உங்க எக்ஸ்பீரியன்ஸையும் அதுல சேத்துடலாம்” என்றார். எழுதி அனுப்பிவிட்டேன். ஆனால் எழுதும்போது ஒரு மதியம் குறுக்கே வந்து நின்றது. அதை அட்டவணையில் எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாததால் தனியாக இங்கே எழுதுகிறேன்.

சங்கத்தின் பெயர் வேண்டாம். பெங்களூருக்குள், சுற்றிலும் கட்டடங்கள் எழும்பிவிட்ட ஒரு ஏரிக்கரையில் இருக்கிறது என்பது போதும். இந்த ஊரில் பாய்மரப் படகா என்று ஆச்சரியப்படுபவர்கள் இன்றைக்கும் உண்டு. ஆஸ்டின் டவுனில் என் தெருவில் பாதிப் பேர், நான் எங்கேயோ பூங்காவில் மிதிபடகு வாடகைக்கு விடுகிறவன் என்றுதான் கடைசிவரை நினைத்திருந்தார்கள். நானும் திருத்தவில்லை. திருத்தப் போனால் விளக்க வேண்டும், விளக்கினால் யாரும் முழுதாகக் கேட்க மாட்டார்கள்.

அடிப்படையில் நான் படகுக்காரனே இல்லை. சிவாஜி நகரில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்தவன். ஒரு நாள் சங்கத்து ஆள் ஒருவர் கிழிந்த படகுப் பாய் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். என் தொழில் திறமையெல்லாம் காட்டி, கிழிந்த இடத்தை இழுத்துப் பிடித்து, இரட்டைத் தையல் போட்டு, தட்டையாக, விறைப்பாகக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துத் தேவய்யா சார் நேரில் வந்தார். சங்கத்தின் தலைமைப் பயிற்சியாளர், குடகுக்காரர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பாயைக் கடை வாசலில் விரித்து அதன் நடுவில் உள்ளங்கையை வைத்தார்.

“துணி கெட்டியா இருக்கு. வயிறு எல்லி?” என்று கேட்டார். எல்லி என்றால் கன்னடத்தில் எங்கே. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பாய் என்பது தட்டையான துணி இல்லை, வளைத்து வெட்டிய பட்டைகளைச் சேர்த்துத் தைத்தது, காற்று பட்டால் நடுவில் வயிறு மாதிரி உப்ப வேண்டும், அந்த வயிறுதான் படகை இழுக்கிறது என்று கடை வாசலிலேயே நின்று சொன்னார். நான் தைத்துக் கொடுத்ததில் வயிறு செத்துவிட்டது. கோபப்படவில்லை. கூலியையும் கொடுத்துவிட்டு, “நாளைக்கு ஏரிக்கு வா, பார்த்துத் தை” என்றார். போனேன். பாய் தைக்கப் போனவன் பிறகு கயிறு கட்டினேன், படகு பழுது பார்த்தேன், நீந்தக் கற்றேன், மோட்டார் வைத்த மீட்புப் படகையும் ஓட்ட ஆரம்பித்தேன். சின்ன சங்கம், ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்தால்தான் ஓடும்.

தேவய்யா சார் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று எப்போதும் கையில் இருக்கும். ஒருவர் தப்புச் செய்தால் கடலையை உரிப்பதை நிறுத்திவிடுவார். அவ்வளவுதான் கண்டிப்பு. அந்த விரல் நிற்பதைப் பார்த்துவிட்டுத் தங்கள் தப்பைத் தாங்களே தேடுவார்கள். கிடைக்காவிட்டால் அன்று முழுவதும் சோறு இறங்காது.

புதிதாக ஓட்டக் கற்றவர்களை அவர் சோதிக்கும் விதம் ஒன்றுதான். படகில் கூடவே உட்கார்ந்துகொள்வார். காற்று ஏறும்போது, “கையை விடு” என்பார். சுக்கானைத் திருப்பும் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். படகு தானாக என்ன செய்கிறது என்று பார்ப்பார். மெதுவாக, சோம்பேறித்தனமாக, காற்று வரும் பக்கம் மூக்கைத் திருப்பினால் படகு சமநிலையில் இருக்கிறது. வெடுக்கென்று திரும்பினால் பாயில் காற்று கூடிப்போய்விட்டது, அல்லது படகு ஒரு பக்கம் அதிகமாகச் சாய்ந்துவிட்டது. காற்றைவிட்டு ஓடினால் முன்பாய்க்கும் பின்னால் இருக்கும் பெரிய பாய்க்கும் ஒத்துப்போகவில்லை.

இதில் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. படகு திரும்பத் துடிக்கும்போது சுக்கான் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துத் தங்கள் பக்கம் இழுப்பார்கள். கை வலிக்கும், வீரமாகவும் இருக்கும். ஆனால் தண்ணீருக்குள் சுக்கான் குறுக்கே நின்று பிரேக் போட்ட மாதிரி ஆகிவிடும். படகு இன்னும் சாயும். தப்பு கட்டையில் இல்லை, சாய்வில் இருக்கிறது. சாய்வை எடுத்தால் கட்டை தானாக இளகிவிடும்.

சாய்வை எடுக்க அவர் ஒரு வரிசை வைத்திருந்தார். “மொதல்ல ஆளு, அப்புறம் கயிறு, கடைசீல துணி.” முதலில் இருவரும் படகுக்கு வெளியே, காற்று வரும் பக்கம், கால்களைப் பட்டையில் மாட்டிக்கொண்டு மல்லாந்து தொங்க வேண்டும். உடம்பின் எடைதான் முதல் மருந்து. அது போதவில்லை என்றால் கயிறுகள். பாயின் அடிவிளிம்பை இழுத்துத் தட்டையாக்கு, முன் விளிம்பைக் கீழே இழு, வயிறு குறையும். அதற்கும் அடங்காவிட்டால் பெரிய பாயின் கயிற்றை விடு, காற்று வழிந்து போகட்டும். இந்தக் கடைசிக் கயிறு மட்டும் எந்த நேரத்திலும் எதிலும் மாட்டக் கூடாது என்பார். படகில் அதைக் கவ்விப் பிடிக்க இரும்புப் பல் ஒன்று உண்டு. கை ஓய்வெடுக்க வசதி. அவருக்கு அந்தப் பல்லைக் கண்டாலே பிடிக்காது. “ஹக்க கையல்லே இரலி” என்பார். கயிறு கையிலேயே இருக்கட்டும்.

மூன்றாவது, துணி. பெரிய பாயின் அடிப்பகுதியைச் சுருட்டிக் கட்டிச் சின்னதாக்குவது, ரீஃப் போடுவது என்போம். கூடவே முன்பாயையும் கழற்றிச் சின்னதாக ஒன்றை மாட்ட வேண்டும். ஒன்றை மட்டும் குறைத்தால் சமநிலை போய்விடும். எங்கள் படகுகளில் இதைக் கரையில் வைத்துத்தான் செய்ய முடியும். தண்ணீரில் இறங்கிய பிறகு மனம் மாறிப் பிரயோஜனமில்லை. காற்று வருவதற்கு முன்பே அதை நம்ப வேண்டியிருப்பதால், ரீஃப் போடுவது யாருக்கும் பிடிக்காத காரியம்.

இனி எங்கள் ஏரியைப் பற்றி. மேற்குக் கரையில் இரண்டு உயரமான கட்டடங்கள் உண்டு. நடுவில் சந்து. சாதாரண நாளில் ஏரி முழுக்கக் காற்று அசமந்தமாக இருக்கும். அந்தச் சந்துக்கு நேரே வந்தால் மட்டும் திடீரென்று ஒரு வீச்சு அடிக்கும். நிதானமாக நாலு எண்ணுவதற்குள் நின்றுவிடும். இதனால் எங்கள் ஆட்களிடம் வேறு எங்கும் இல்லாத ஒரு வழக்கம் வந்துவிட்டது. வீச்சு வந்தால் பாயின் கயிற்றை விடுவதில்லை. விட்டு மறுபடி இழுப்பதற்குள் காற்றே போய்விடும், வேகமும் போய்விடும். அதனால் கயிற்றை இரும்புப் பல்லில் மாட்டிவிட்டு, வெளியே தொங்கி, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவார்கள். சத்தமாகவே எண்ணுவார்கள். கரையில் வேடிக்கை பார்ப்பவர்கள் ஏதோ பூஜை என்று நினைத்திருப்பார்கள்.

இந்த வழக்கத்தை ஆரம்பித்தவன் நான். பயந்துபோன புதியவர்களுக்குத் தைரியம் சொல்ல, மீட்புப் படகிலிருந்து நான்தான் முதலில் சத்தமாக எண்ணினேன். பலித்தது. பலித்ததால் பரவியது. எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. தேவய்யா சார் அதைக் கேட்டுக் கடலை உரிப்பதை நிறுத்தினார். “எண்ணறது நீ, அடிக்கறது காத்து. காத்துக்கு எண்ணத் தெரியுமா?” என்று ஒரு தடவை கேட்டார். நான் சிரித்துவைத்தேன்.

ஜெனிஃபரும் சவிதாவும் அப்போது எங்களிடம் இருந்த நல்ல ஜோடி. ஜெனிஃபர் காக்ஸ் டவுன் பெண். தனியார் பள்ளி ஒன்றில் தற்காலிக விளையாட்டு ஆசிரியை. சுக்கான் அவளுடையது. சவிதா மல்லேஸ்வரம், கன்னடக்காரி, நம்மைப் போலவே தமிழ் பேசுவாள். அவளுக்கு ஏற்கெனவே வங்கியில் நிலையான வேலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து முன்பாயைப் பார்த்துக்கொண்டதெல்லாம் ஜெனிஃபருக்காகத்தான்.

அந்த மே மாதம் மாநில அணிக்கான தேர்வு எங்கள் ஏரியில் நடந்தது. முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் அணியில் இடம். அணியில் போய்வந்தால் சான்றிதழ். அது இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். ஜெனிஃபருக்கு வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிந்தது. அவளும் அதை யாரிடமும் மறைக்கவில்லை. “இந்த வருஷம் மிஸ் ஆனா, டெம்பரரி டீச்சராவே ரிட்டயர் ஆகணும்ணா” என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

கடைசிப் பந்தயத்துக்கு முன் அவர்கள் இரண்டாம் இடத்தில் இருந்தார்கள். கணக்குப்படி, அந்தப் பந்தயத்தை எப்படியாவது முடித்துவிட்டாலே போதும், இரண்டாம் இடம் உறுதி. முடிக்காவிட்டால் மூன்றாவதாக இருந்த படகு முன்னேறிவிடும்.

மதியம் இரண்டு மணிக்குத் தேவய்யா சார் எல்லோரையும் கூப்பிட்டு மேற்கே கையைக் காட்டினார். அடிவானம் ஈயப் பாத்திரம் மாதிரி இருந்தது. “ரீஃப் போட்டுட்டுப் போங்க” என்றார். கட்டளை அல்ல, பந்தயத்தில் அது ஓட்டுபவரின் முடிவு. சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்போது ஏரியில் இலைகூட அசையவில்லை. சின்னப் பாயோடு போனால் கடைசியாக மிதந்துகொண்டிருந்து, பந்தயத்துக்கான நேரத்துக்குள் முடிக்க முடியாமலே போகலாம்.

ஜெனிஃபர் என்னிடம் வந்தாள். “அண்ணா, நீங்க சொல்லுங்க. ரீஃப் போடவா, வேணாமா?”

“சார் சொல்லிட்டாரே.”

“சார் எப்பவும் அப்படித்தான் சொல்வாரு. போன வாரமும் சொன்னாரு, ஒண்ணுமே வரல. நீங்க இந்த ஏரியப் பாத்தவரு.”

இந்த ஏரியைப் பார்த்தவர் என்ற வார்த்தை எனக்கு இனித்தது. வானத்தைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்த்தேன். “நம்ம ஏரிக் காத்துதானே. நாலு எண்ணினா போயிடும், போ” என்றேன். சவிதா ஏற்கெனவே ரீஃப் கயிறுகளைக் கையில் எடுத்து வைத்திருந்தாள். அவற்றைச் சுருட்டித் திரும்ப என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

ஏழு படகுகள் இறங்கின. இரண்டு மட்டும் ரீஃப் போட்டிருந்தன. அதில் ஒன்று மூன்றாம் இடத்துப் படகு.

பந்தயம் பாதி தாண்டியபோது மேற்குக் கரை மரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளுத்தன. இலைகளின் அடிப்பக்கம் திரும்பினால் அப்படித் தெரியும். சந்தில் மட்டும் வருகிற காற்றாக இருந்தால் சந்துக்கு நேரே இருக்கும் மரம்தான் ஆடும். இது கரை முழுவதும் ஆடியது. நான் மீட்புப் படகின் மோட்டாரைக் கிளப்பினேன்.

காற்று அடித்தபோது ஜெனிஃபர் படகு என்னிடமிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்தது. அவர்கள் செய்தது எல்லாமே எனக்குத் தெரிந்தது. இருவரும் ஒரே சமயத்தில் வெளியே தொங்கினார்கள். ஜெனிஃபர் முன்விளிம்புக் கயிற்றை இழுத்தாள், பாய் தட்டையானது. படகு நிமிர்ந்தது. அழகாகத்தான் செய்தார்கள். பிறகு பாயின் கயிற்றை இரும்புப் பல்லில் மாட்டினாள். இருவரும் எண்ணுவது கேட்டது. நானும் வாய்க்குள் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

காற்று நிற்கவில்லை. ஐந்தாவது எண்ணிக்கையில் படகு சாய்ந்து, மூக்கு வெடுக்கென்று திரும்பியது. ஜெனிஃபர் கயிற்றைப் பல்லிலிருந்து பிடுங்கப் பார்த்தாள். அத்தனை இழுவிசையில் அது வரவில்லை. படகு கவிழ்ந்தது. பாயும் பாய்மரமும் தண்ணீரில் படுத்தன. எங்கள் ஏரியில் ஆழம் குறைவு, அடியில் சேறு. பாய்மரத்தின் நுனி சேற்றில் குத்தி நின்றுவிட்டது.

கவிழ்ந்த படகுக்குப் போனால் முதல் வேலை தலைகளை எண்ணுவது. இரண்டு இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது. ஜெனிஃபர் படகின் அடிப்பக்கத்தில், தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த நடுப்பலகையில் ஏறி நின்று படகை நிமிர்த்த முயன்றுகொண்டிருந்தாள். பாய் கிடந்த பக்கம் அவளுக்குத் தெரியாது. மழை தொடங்கிவிட்டிருந்தது.

“சவிதா எங்கம்மா?”

“உள்ள இருக்கா, இப்பதான் குரல் குடுத்தா. அண்ணா, படகத் தொடாதீங்க. தொட்டா அவுட்டு. ரெண்டு நிமிஷம் குடுங்க, நிமித்திடுவேன். தொடாதீங்கண்ணா.”

விதி அப்படித்தான். ஆளைத் தூக்கலாம், படகில் கை வைத்தால் அவர்களுக்குப் பந்தயம் முடிந்தது. நான் மோட்டாரை அணைத்துவிட்டுத் துடுப்புப் போட்டுச் சுற்றிப் பாய்ப் பக்கம் போனேன். துணிக்கு அடியில் ஒரு கை தெரிந்தது. உள்ளேயிருந்து துணியைத் தள்ளிக்கொண்டிருந்தது. இதில் ஒரு கொடுமை, உயிர் காக்கப் போட்டிருக்கும் மிதவை அங்கியே ஆளை மேலே தள்ளித் துணியோடு ஒட்ட வைத்துவிடும். மூழ்கி வெளியே வரவும் விடாது. வழக்கமாகப் பாய்மர நுனியைத் தூக்கினால் துணி மேலெழும். நுனி சேற்றில் இருந்தது.

“சவிதா” என்று கூப்பிட்டேன். கை துணியைத் தள்ளியது. மறுபடி தள்ளியது. பிறகு நின்றது.

கத்தியை எடுத்தேன். தையல் மேல் கத்தி ஓடாது, அங்கே துணி இரண்டு மடிப்பு. பட்டையின் நடுவில்தான் போட வேண்டும். உள்ளே இருப்பவர் முகத்தில் படாமல் இருக்கத் துணியைக் கிள்ளித் தூக்கி, ஒரு முழம் கிழித்தேன். நானே தைத்த பாய். கையை விட்டு அங்கியைப் பிடித்து இழுத்தேன். சவிதா வெளியே வந்து இருமினாள். மூச்சு வாங்கினாள். மறுபடி இருமினாள். அவ்வளவுதான் நடந்தது. மொத்தமும் ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்காது.

ஜெனிஃபர் படகைச் சுற்றி நீந்தி வந்து கிழிந்த பாயைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு என் படகில் சவிதா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். “நல்லாத்தானே இருக்கா?” என்றாள். சவிதா இருமலுக்கு நடுவே தலையை ஆட்டினாள்.

ரீஃப் போட்ட இரண்டு படகும் பந்தயத்தை முடித்தன. வேறு எதுவும் முடிக்கவில்லை.

ஐந்து மணிக்கு விசாரணை வைத்தார்கள். ஜெனிஃபர் மனு கொடுத்திருந்தாள். சவிதாவுக்கு ஆபத்து எதுவும் இருக்கவில்லை, சங்கத்து மீட்புப் படகு அவசரப்பட்டுப் பாயைக் கிழித்ததால்தான் பந்தயத்தை முடிக்க முடியவில்லை, எனவே தன் மற்றப் பந்தயங்களின் சராசரிப் புள்ளியை இதற்கும் தர வேண்டும். விதியில் அதற்கு இடம் உண்டு. சராசரி கிடைத்தால் இரண்டாம் இடம் அவளுடையது. மேசைக்கு அந்தப் பக்கம் தேவய்யா சாரும் வெளியூரிலிருந்து வந்த இரண்டு நடுவர்களும். இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர்.

முதலில் சவிதாவைக் கேட்டார்கள். “உள்ள காத்து இருந்தது சார், பூமுக்குப் பக்கத்துல” என்றாள். பூம் என்பது பாயின் அடியைத் தாங்கும் கட்டை. கவிழ்ந்தால் அதன் அருகே கொஞ்சம் காற்று தங்குவது உண்மைதான். “கால்ல கயிறு சுத்தியிருந்தது, அத எடுத்துட்டிருந்தேன். இன்னும் பத்து செகண்ட்ல நானே வந்திருப்பேன். எனக்கு ஒண்ணும் ஆகல.” மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

பிறகு என் முறை. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். படகு கவிழ்ந்ததிலிருந்து என் தலைக்குள் ஓடியது ஒன்றுதான். ரீஃப் வேண்டாம் என்று சொன்னது நான். நாலு எண்ணு என்று சொன்னதும் நான். ஒரு பெண்ணின் வேலையை என் வாயால் கெடுத்திருக்கிறேன், அதே வாயால் அதைத் திருப்பிக் கொடுக்க இப்போது வழி இருக்கிறது. சவிதா வேறு பாதியைச் சொல்லிவிட்டாள். யாருக்கும் நஷ்டம் இல்லாத பொய்யாகத்தான் பட்டது.

“அவசரப்பட்டுட்டேன் சார்” என்றேன். “கூப்பிட்டுப் பாத்திருக்கணும். கை ஆடிக்கிட்டுதான் இருந்தது.”

ஜெனிஃபர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நடுவர்கள் இருவரும் தலையாட்டினார்கள். தேவய்யா சார் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். மனுவின் கீழே ஏதோ எழுதினார். எனக்கு உள்ளுக்குள் லேசாகிவிட்டது. எழுந்திருக்கப் போனேன்.

“நில்லு ஏழுமலை, இன்னொண்ணு இருக்கு” என்றார். மீட்புப் படகுக்கான நடைமுறைப் புத்தகத்தைத் திறந்தார். அவர் எழுதி எழுதிச் சேர்த்த புத்தகம். தவறு நடந்தால் அது மறுபடி நடக்காமல் ஒரு வரி சேர்ப்பது அவர் வழக்கம். எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். “பாயின் அடியில் ஆள் இருந்தால், மீட்புப் படகில் உள்ளவர் முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். முப்பது எண்ண வேண்டும். அதன் பிறகே பாயைத் தொட வேண்டும்.”

முப்பது. நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். சவிதாவின் கை நின்றதிலிருந்து எண்ணினேன். பத்து வருவதற்குள் என்னால் தொடர முடியவில்லை. நாளைக்கு வேறொருவன் இந்த மீட்புப் படகை ஓட்டுவான். புத்தகத்தைப் படித்துவிட்டு, கையில் கத்தியோடு, விதிப்படி முப்பது எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எனக்கு அசிங்கமாக இருந்தது. என்னுடைய ஒரு எண்ணிக்கை அன்று மதியம் செய்தது போதாதா?

“சார், அத எழுதாதீங்க” என்றேன்.

“ஏன்?”

“நான் சொன்னது பொய் சார். நான் கூப்பிட்டேன். கை தள்ளிக்கிட்டிருந்தது, அப்புறம் நின்னுடுச்சு. நின்னதுக்கு அப்புறம்தான் கிழிச்சேன். இன்னொரு தடவை நடந்தாலும் கிழிப்பேன். ரீஃப் வேணாம்னு இந்தப் பொண்ணுக்குச் சொன்னதும் நான்தான். அதுக்கு என்ன தண்டனையோ எனக்குக் குடுங்க. இந்த வரிய மட்டும் எழுதாதீங்க.”

தேவய்யா சார் பேனாவை வைத்தார். “யார் கேட்டாலும் கேக்காட்டியும், ரீஃப் ஓட்றவங்க முடிவு” என்று மட்டும் சொன்னார். என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, விதியைச் சொன்னாரா, தெரியாது. சவிதா பக்கம் திரும்பினார். “ஏழுமலை ஹேளித்து ஹௌதா?” ஏழுமலை சொன்னது உண்மையா?

சவிதா தலையை நிமிர்த்தாமல், “ஹௌது சார்” என்றாள். “மொதல்ல காத்து இருந்தது. அப்புறம் படகு இன்னும் கொஞ்சம் சாஞ்சுது. அப்புறம் இல்ல.”

ஜெனிஃபர் அவளைப் பார்த்தாள். அறையில் வேறு யாரும் இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை போல.

“நான் தொடாதீங்கன்னு கத்தினேனே. அது உனக்குக் கேட்டுதா?”

“கேட்டுது” என்றாள் சவிதா.

ஜெனிஃபர் எழுந்து மேசைக்குப் போனாள். தேவய்யா சாரின் கைக்கு அடியில் இருந்த மனுவைப் பார்த்து, “சார், அது வேணாம் சார், குடுத்துடுங்க” என்றாள். நடுவர்களில் ஒருவர், ஆபத்து என்றே வைத்துக்கொண்டாலும் வாதாட இன்னொரு பிரிவு இருக்கிறது, நாளை காலைவரை யோசிக்கலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நல்ல மனிதர். அவள் கையை நீட்டியபடியே நின்றாள். தேவய்யா சார் தாளைக் கொடுத்தார். பிறகு புத்தகத்தில் எழுதிய வரியைக் கோடு போட்டு அடித்தார்.

ஜெனிஃபர் அந்த வருடம் அணிக்குப் போகவில்லை. அரசு வேலைக்கு விண்ணப்பிக்கவும் இல்லை. அந்த நஷ்டத்தில் எனக்குப் பங்கு உண்டு என்பதை நான் எந்த நாளும் மறுத்ததில்லை. அதற்குப் பிறகு ஏரியில் யாரையும் நான் எண்ணவிட்டதில்லை. இரும்புப் பற்களை ஒவ்வொரு படகிலிருந்தும் திருகிக் கழற்றிவிட்டேன். ஆனால் என் கண்ணில் நிற்பது அதெல்லாம் இல்லை.

மழை விட்டிருந்தது. கிழிந்த பாயைக் கொடியில் போட்டுவிட்டு நான் கொட்டகை வாசலில் நின்றிருந்தேன். இருவரும் வெளியே வந்தார்கள். ஜெனிஃபர் ஸ்கூட்டரைத் துடைத்துக் கிளப்பினாள், சவிதா பின்னால் ஏறிக்கொண்டாள். சங்கத்து கேட்டுக்கு நூறடி இருக்கும். அதைத் தாண்டுவதற்குள் ஜெனிஃபர் இரண்டு தடவை இடது கையைப் பின்னால் கொண்டுபோய், சவிதா இருக்கிறாளா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.